எந்திரிக்கும்போது கை ஊனுறீங்களா? – வாசகர் கேள்வி பதில்

அறுபதைத் தாண்டினவங்களும் அவங்க பிள்ளைங்களும் அனுப்புன கேள்விங்க இந்த தடவை. ஒரே மாதிரி வந்ததை எல்லாம் ஒண்ணா சேத்துட்டேன். சுகர் எவ்ளோ இருக்கணும், கொலஸ்ட்ரால் எவ்ளோ இருக்கணும்னு கேட்டு வந்தது தான் ஜாஸ்தி, அதை உங்க ரிப்போர்ட்டை கையில வெச்சிருக்கிற டாக்டர் சொல்றது தான் சரி. நான் எடுத்துக்கிட்டது ரத்த ரிப்போர்ட்ல தெரியாத சமாச்சாரங்களை.

கேள்வி: வயசு 63. தினமும் காலைல ஒரு மணி நேரம் வாக்கிங் போறேன், ஒரு நாள் கூட விடறதில்ல. சுகர், பிரஷர் எல்லாம் நார்மல். ஆனா தரையில உக்காந்தா எதையாவது பிடிக்காம எந்திரிக்க முடியல, சோபாவுல இருந்து எந்திரிக்கவே கை ஊனுறேன். முட்டில வலியும் இல்ல. நடக்கிறது போதலையா டாக்டர்?

பதில்: போதாதுங்க ஐயா. நடக்கிறதை குறை சொல்லல, இதயத்துக்கு, சுகருக்கு, மனசுக்கு எல்லாத்துக்கும் அது நல்லது தான், விட்றாதீங்க. ஆனா சமதளத்துல நடக்கும்போது தொடைச் சதைக்கு பெருசா பாரம் விழறதே இல்ல. உக்காந்து எந்திரிக்கிறது, படி ஏறுறது, தடுக்கினா சமாளிச்சு நிக்கிறது இதுக்கெல்லாம் வேண்டியது பலம், அது நடந்தா மட்டும் வராது.

நம்ம உடம்புல சதை முப்பது வயசுக்கு மேலேயே மெல்ல கரைய ஆரம்பிச்சுடுது, பத்து வருஷத்துக்கு சுமாரா 3லருந்து 8 சதவீதம்னு கணக்கு சொல்றாங்க, அறுபதுக்கு மேல அந்த வேகம் இன்னும் கூடும். இதுக்கு டாக்டருங்க வெச்சிருக்கிற பேரு சார்கோபீனியா. இதுல இன்னொண்ணு, சதை குறையிறதை விட பலம் வேகமா குறையுது, அதுலயும் சட்டுனு வேலை செய்யிற சதைநார் தான் முதல்ல அடிவாங்குது. அதனால எடை மாறாம இருக்கும், கண்ணாடில பாத்தா அதே ஆள் தான், ஆனா எந்திரிக்கிறப்ப கை தேடும். எடை மெஷினை நம்பி ஏமாந்துடறோம், ஏன்னா சதை போன இடத்துல கொழுப்பு வந்து உக்காந்துட்டா மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது.

வீட்லயே ஒரு டெஸ்ட் இருக்கு. கைப்பிடி இல்லாத நாற்காலியை சுவர் ஓரமா போட்டு உக்காருங்க, ரெண்டு கையையும் நெஞ்சுல குறுக்கா கட்டிக்கோங்க, 30 செகண்ட்ல எத்தனை தடவை முழுசா நின்னு உக்கார முடியுதுன்னு எண்ணுங்க, பக்கத்துல ஒருத்தர் இருக்கட்டும். 60லருந்து 64 வயசுல ஆம்பளைங்களுக்கு 14க்கு கீழ, பொம்பளைங்களுக்கு 12க்கு கீழ வந்தா பலம் கம்மின்னு அர்த்தம். 70லருந்து 74க்கு இது 12, 10. கை ஊனாம ஒரு தடவை கூட முடியலன்னா ஸ்கோர் பூஜ்யம், சங்கடப்பட ஒண்ணுமில்ல, எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சுடுச்சு அவ்ளோ தான்.

சரி என்ன பண்றது? அதே டெஸ்ட் தான் மருந்தும். கொஞ்சம் உயரமான நாற்காலில ஆரம்பிச்சு, உக்காரும்போது தொப்புனு விழாம மெதுவா எறங்குங்க, பத்து தடவை, கொஞ்சம் ரெஸ்ட், மறுபடி பத்து. சுலபமாயிடுச்சுன்னா நாற்காலி உயரத்தை குறைங்க, இல்ல கையில கனமா ஏதாச்சும் வெச்சுக்கோங்க. கூடவே சுவரைப் பிடிச்சு குதிகாலை தூக்கி இறக்கறது, சுவர்ல கைவெச்சு தள்ளுறது. வாரத்துல ரெண்டு மூணு நாள் போதும், நடுவுல ஒரு நாள் இடைவெளி விடுங்க. கடைசி ரெண்டு மூணு தடவை கஷ்டமா இருக்கணும், இதை நிறைய பேர் விட்டுடறாங்க, சும்மா கையைக் காலை ஆட்டிட்டு எக்சர்சைஸ் பண்ணேன்னு சொல்றாங்க. மூச்சை அடக்காதீங்க. நெஞ்சு வலி, இதய நோய், கட்டுப்படாத பிரஷர், சமீபத்துல ஆபரேஷன் இதெல்லாம் இருந்தா டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்டுட்டு ஆரம்பிங்க.

உலக சுகாதார நிறுவனம் 2020ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயும் இதே தான் இருக்கு: வாரத்துக்கு 150லருந்து 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, கூடவே ரெண்டு நாளாவது சதைக்கு பலம் குடுக்கிற பயிற்சி, 65க்கு மேல வாரம் மூணு நாளாவது பேலன்ஸ் பயிற்சி. நாம முதல் வரியை மட்டும் படிச்சுட்டு ஷூவை மாட்டிட்டு கிளம்பிடறோம்.

கேள்வி: எனக்கு 82. இனிமே போய் எக்சர்சைஸ் பண்ணி என்ன ஆகப்போகுது?

பதில்: ஆகும்மா. 1990ல அமெரிக்காவுல மரியா ஃபியாடரோனேன்னு ஒரு டாக்டரும் அவங்க குழுவும் முதியோர் இல்லத்துல இருந்த, சராசரி 90 வயசு, ரொம்ப தளர்ந்து போன பத்து பேரை எடுத்து எட்டு வாரம் கால் சதைக்கு நல்ல கனமாவே பயிற்சி குடுத்தாங்க. முடிச்சவங்களுக்கு கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடுச்சு. ரெண்டு பேர் கைத்தடியை விட்டுட்டாங்க. சின்ன ஆய்வு தான், ஆனா தொண்ணூறு வயசு சதையும் வேலை குடுத்தா கேக்கும்னு அன்னிக்கு தெரிஞ்சுது, அப்புறம் வந்த பெரிய ஆய்வுகளும் அதே பக்கம் தான் நிக்குது. முதல் சில வாரங்கள்ல வர்ற முன்னேற்றம் சதை வளர்ந்ததால இல்ல, நரம்பு சதையை சரியா வேலை வாங்கக் கத்துக்கிறதால. அதனால சீக்கிரமே வித்தியாசம் தெரியும். தனியா பண்ணாதீங்க, முதல்ல ஒரு பிசியோதெரபிஸ்ட் கூட இருந்து சொல்லிக்குடுக்கட்டும்.

கேள்வி: தினமும் பத்தாயிரம் அடி நடந்தே ஆகணுமா? எனக்கு 67, ஏழாயிரத்துக்கே நாக்கு தள்ளுது.

பதில்: ஏழாயிரமே பிரமாதம். பத்தாயிரம்ங்கிறது ஆராய்ச்சில வந்த நம்பரே இல்ல, 1960கள்ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்த ஒரு பெடோமீட்டரோட பேரு, மன்போ-கேய், அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். விளம்பரத்துக்கு வெச்ச பேரு போன்ல வந்து உக்காந்துடுச்சு. பல ஆய்வுகளை சேத்துப் பாத்த 2022 அறிக்கைப்படி அறுபதுக்கு மேல இருக்கறவங்களுக்கு 6000லருந்து 8000 அடிக்குள்ளேயே பெரும்பாலான பலன் கிடைச்சிடுது. மிச்ச நேரத்துக்கு மேல சொன்ன நாற்காலி வேலையைப் பாருங்க.

கேள்வி: வயசாக ஆக கம்மியா சாப்பிடணும்னு எல்லாரும் சொல்றாங்க. நான் (வயசு 69, எடை 60 கிலோ) காலைல, ராத்திரி ரெண்டு வேளையும் லேசா எதையாவது சாப்பிட்டு முடிச்சுக்கறேன். ஆனா ரொம்ப சோர்வா இருக்கு, போன வருஷத்தை விட 4 கிலோ குறைஞ்சிருக்கேன். நல்லது தானே?

பதில்: முயற்சி பண்ணாம குறைஞ்ச 4 கிலோ நல்லது இல்லம்மா. ஆறு மாசம், ஒரு வருஷத்துல எடைல 5 சதவீதத்துக்கு மேல தானா குறைஞ்சா காரணம் தேடியே ஆகணும், நீங்க அந்த கோட்டைத் தாண்டிட்டீங்க. தைராய்டு, சுகர், வயித்துல பிரச்சனை, பல்லு சரியில்லாம மெல்ல முடியாதது, மனச்சோர்வு, சில மாத்திரை, அரிதா கேன்சர்னு எது வேணா இருக்கலாம். இந்த வாரமே டாக்டரைப் பாருங்க, மத்ததை அப்புறம் படிங்க.

பாத்துட்டு வந்தீங்களா, சரி. வயசானா கலோரி தேவை கொஞ்சம் குறையும், உண்மை தான். ஆனா புரதத் தேவை குறையாது, கூடும். சின்ன வயசுல கொஞ்சம் புரதத்துக்கே சதை வளரும், வயசான உடம்பு அதே அளவுக்கு மசியாது, ஒரு வேளைல இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா குடுத்தா தான் திரும்பிப் பாக்கும். பொதுவா பெரியவங்களுக்கு எடைல கிலோவுக்கு 0.8 கிராம்னு சொல்லுவாங்க, 65 தாண்டினவங்களுக்கு 1லருந்து 1.2 கிராம் வரைக்கும் வேணும்னு முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்றாங்க. உங்க எடைக்கு நாளைக்கு 60லருந்து 72 கிராம். ஒரு முட்டைல 6 கிராம், ஒரு பெரிய டம்ளர் பால்ல 8 கிராம் தான் இருக்கு, அதனால "நான் தான் தினமும் முட்டை சாப்பிடறேனே"ன்னு சொன்னா கணக்கு எங்கேயோ நிக்கும். முட்டை, மீன், கோழி, பால், தயிர், பருப்பு, பயறு, சோயா எது ஒத்துக்குதோ அதை மூணு வேளைக்கும் பிரிச்சுப் போடுங்க, மதியம் ஒரே வேளைல மொத்தமா கொட்டாதீங்க. கிட்னி பிரச்சனை இருக்கிறவங்களுக்கு மட்டும் இந்த கணக்கு பொருந்தாது, அவங்க டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு 76. போன மாசம் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்துட்டார். எலும்பு முறியல, தப்பிச்சோம். ஆனா அதுக்கப்புறம் பயந்துபோய் கட்டிலை விட்டே எறங்க மாட்டேங்கிறார், நாங்களும் எதுக்கு ரிஸ்க்குன்னு எல்லாத்தையும் கட்டிலுக்கே கொண்டு போய் குடுக்கிறோம். சரியா?

பதில்: பாசத்துல தான் பண்றீங்க தம்பி, ஆனா இது தான் அடுத்த விழுகைக்கு வழி. நல்லா இருந்த, சராசரி 67 வயசுக்காரங்க கொஞ்ச பேரை பத்து நாள் கட்டில்லயே வெச்சுப் பாத்த ஒரு ஆய்வு 2007ல வந்துச்சு, அந்த பத்து நாள்லயே கால்ல மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போயிடுச்சு. அவங்க நோயாளிங்க கூட இல்ல. உங்க அப்பா ஒரு மாசமா படுத்திருக்கார், யோசிச்சுப் பாருங்க.

முதல்ல ஏன் விழுந்தார்னு கண்டுபிடிங்க. "கால் வழுக்கிடுச்சு"ன்னு சொல்லிட்டா கேஸ் முடிஞ்சுதுன்னு வீட்ல எல்லாரும் நெனைச்சுக்கறாங்க, அங்க தான் தப்பு. ராத்திரி எந்திரிச்சதும் தலை சுத்துச்சான்னு கேளுங்க. படுத்திருக்கும்போது ஒரு தடவை, எந்திரிச்சு நின்னு ஒரு நிமிஷத்துல, மூணு நிமிஷத்துல இன்னொரு தடவைன்னு பிரஷர் பாக்கணும், மேல் நம்பர் 20 இல்ல கீழ் நம்பர் 10 எறங்குச்சுன்னா அது தான் காரணமா இருக்கலாம். பிரஷர் மாத்திரை, ப்ராஸ்டேட் மாத்திரை, தூக்க மாத்திரை, மனச்சோர்வுக்கு குடுக்கிறது, சுகர் ரொம்ப எறங்கிடறது, தண்ணி கம்மியா குடிக்கிறது எல்லாமே இதுல வரும் (வயசானா தாகமே சரியா எடுக்காது, கேட்டா தான் குடிப்பாங்க). கண்புரை இருக்கான்னு பாருங்க. மேல தூரத்துக்கு, கீழ கிட்டத்துக்குன்னு ரெண்டு பவர் இருக்கிற கண்ணாடி போட்டுட்டு படி எறங்கினா தரை மங்கலாத் தெரியும், அதுவே நிறைய பேரை தள்ளி விட்டுடுது. பாதம் மரத்துப்போச்சான்னு கேளுங்க, சுகர் இருக்கிறவங்களுக்கு கண்டிப்பா.

வீட்ல பெருசா செலவு பண்ண வேண்டாம். கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் ராத்திரி எரியிற சின்ன லைட், சுருண்டுக்கிற மிதியடியைத் தூக்கிடறது, டாய்லெட் பக்கத்துலயும் குளிக்கிற இடத்துலயும் சுவர்ல நல்லா பதிச்ச கைப்பிடி. துண்டு தொங்கவிடற கம்பி கைப்பிடி ஆகாது, பிடிச்சா அதுவும் சேந்து வந்துடும். வீட்டுக்குள்ள பின்பக்கம் மூடின, அடி வழுக்காத செருப்பு. எந்திரிக்கும்போது கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உக்காந்து காலை ஆட்டிட்டு அப்புறம் நிக்கச் சொல்லுங்க.

அதுக்கப்புறம் பேலன்ஸ். கிச்சன் மேடை மாதிரி அசையாத எதையாவது பிடிச்சுட்டு ஒரு காலுக்கு முன்னாடி இன்னொரு காலை ஒட்டி வெச்சு நிக்கிறது, அப்புறம் ஒத்தக் கால்ல, பிடியை மெல்ல மெல்ல தளர்த்தி. 2022ல பிரேசில்ல வந்த ஒரு ஆய்வுல 51லருந்து 75 வயசு வரைக்கும் 1702 பேரை பத்து செகண்ட் ஒத்தக் கால்ல நிக்கச் சொன்னாங்க, நிக்க முடியாதவங்களுக்கு அடுத்த சில வருஷத்துல இறப்பு அபாயம் ஜாஸ்தியா இருந்துச்சு. அதைப் படிச்சுட்டு ஒத்தக் கால்ல நின்னா ஆயுசு கூடும்னு கிளம்பிட வேண்டாம், நிக்க முடியலங்கிறது உடம்போட மொத்த நிலைமையைக் காட்டுது, அவ்ளோ தான். பயத்துக்கு மருந்து கூட நடக்கிறது தான், முதல் வாரம் நீங்க பக்கத்துல நடங்க, கையை நீங்க பிடிக்காதீங்க, அவரு உங்களைப் பிடிச்சுக்கட்டும். எலும்பு முறியலன்னாலும் எலும்பு அடர்த்தி பாக்கிற டெக்ஸா ஸ்கேன் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க, எலும்பு மெலியிறது பொம்பளைங்களுக்கு மட்டும்னு ஒரு நெனப்பு இருக்கு, அது தப்பு.

கேள்வி: 71 வயசு. ராத்திரி ஒன்பதுக்கு படுத்தா மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது. ஒரு நண்பர் சொன்ன தூக்க மாத்திரை போடறேன், விடலாமா?

பதில்: ஒன்பதுலருந்து மூணுன்னா ஆறு மணி நேரம் தூங்கிட்டீங்களே ஐயா! வயசானா உடம்புக் கடிகாரம் முன்னாடி நகரும், ஆழ்ந்த தூக்கம் குறையும், சின்ன சத்தத்துக்கும் முழிப்பு வரும். படுக்கிற நேரத்தை பத்தரைக்கு தள்ளுங்க, சாயங்காலம் வெளிச்சத்துல கொஞ்ச நேரம் இருங்க, மதியத் தூக்கத்தை அரை மணிக்குள்ள முடிங்க. குறட்டை பலமா இருந்து பகல்லயும் தூங்கி வழிஞ்சா தூக்கத்துல மூச்சு நிக்கிற பிரச்சனை இருக்கான்னு பாக்கணும்.

மாத்திரை விஷயத்துல கொஞ்சம் கண்டிப்பா சொல்றேன். அடுத்தவங்களுக்கு எழுதின தூக்க மாத்திரையை போடவே கூடாது, எழுபதுக்கு மேல அது விழுகையையும் குழப்பத்தையும் கூட்டும். அலர்ஜி மாத்திரை போட்டா தூக்கம் வருதுன்னு அதைப் போடறவங்களும் இருக்காங்க, பழைய வகை அலர்ஜி மாத்திரைங்க மலச்சிக்கல், நீர் அடைப்பு, ஞாபகக் குழப்பம் எல்லாத்தையும் கொண்டு வரும். ஆனா பல மாசமா போட்டுட்டு இருந்தா இன்னிக்கு ராத்திரியே நிறுத்திடாதீங்க, சில வகைகளை திடீர்னு நிறுத்தினா ஆபத்து, டாக்டர் மெல்ல மெல்ல குறைச்சு நிறுத்துவார்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 70. டிவி சத்தம் தெருவுக்கே கேக்குது, காது கேக்கலையான்னா "நீங்க எல்லாம் முணுமுணுக்கறீங்க"ங்கிறார். இப்ப பேரும் மறக்குது. டிமென்ஷியா ஆரம்பமா?

பதில்: "கேக்குது ஆனா புரியல", இதைத் தான் அவர் அப்படி சொல்றார். வயசுல முதல்ல போறது கீச்சுச் சத்தம், ச, ஸ, ஃப மாதிரி எழுத்தெல்லாம் அங்க தான் இருக்கு, அதனால பேச்சு காதுல விழும், வார்த்தை பிடிபடாது. முதல்ல காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு பாத்துட்டு ஆடியோகிராம், அதாவது காது எவ்ளோ கேக்குதுன்னு பாக்கிற டெஸ்ட், எடுங்க.

மறதிக்கும் இதுக்கும் தொடர்பு உண்டு. லான்செட் மருத்துவ இதழ் அமைச்ச நிபுணர் குழு 2024ல டிமென்ஷியாவுக்கு மாத்தக்கூடிய 14 காரணங்களைச் சொல்லியிருக்கு, அதுல காது சரியா கேக்காம போறது முக்கியமான ஒண்ணு, பார்வைக் குறைவும் கெட்ட கொலஸ்ட்ராலும் அப்போ தான் புதுசா சேந்துச்சு. ஹியரிங் எய்டு போட்டா டிமென்ஷியா வராதுன்னு விக்கிறவங்க சொல்லுவாங்க, அப்படி நிரூபணம் ஆகல. 2023ல வந்த பெரிய ஆய்வுல மொத்தமா பாத்தா வித்தியாசம் தெரியல, ஏற்கனவே அபாயம் ஜாஸ்தியா இருந்தவங்களுக்கு மட்டும் மூணு வருஷத்துல ஞாபகம் மங்கறது பாதியளவு மெதுவாச்சு. எப்படியும் நாலு பேர் பேசுற இடத்துல அவர் மறுபடி உக்காந்து பேசுவார், அந்த ஒரு காரணமே போதும்.

பேர் மறந்து அப்புறம் ஞாபகம் வர்றது பயப்பட வேண்டியதில்ல. தெரிஞ்ச வழில தொலைஞ்சு போறது, கட்டின பில்லையே மறுபடி கட்டுறது, வருஷக்கணக்கா பண்ற வேலைல அடுத்து என்னன்னு தெரியாம நிக்கிறது, இதெல்லாம் இருந்தா காட்டணும். அப்போ பி12, தைராய்டு, மனச்சோர்வு மூணையும் பாக்கச் சொல்லுங்க, சுகருக்கு மெட்ஃபார்மின் ரொம்ப வருஷமா போடறவங்களுக்கு பி12 குறையறது சகஜம். ரெண்டே நாள்ல திடீர்னு குழம்பிப் போய் ஏதேதோ பேசினா அது வயசு இல்ல, கிருமித் தொற்றோ சோடியம் குறைஞ்சதோ இருக்கலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போகணும்.

கேள்வி: (பேர் வேண்டாம்) வயசு 58. இருமினா, சிரிச்சா சிறுநீர் கசியுது. யார்கிட்டயும் சொல்ல முடியல, வெளில போறதையே விட்டுட்டேன்.

பதில்: இந்தக் கேள்வி பல பேர்கிட்ட இருந்து வருதும்மா, எல்லாருமே பேர் வேண்டாம்னு தான் எழுதறாங்க. இது வயசானா வர்ற விதி இல்ல, இதுக்கு வைத்தியம் இருக்கு. அர்னால்ட் கேகல்ங்கிற டாக்டர் 1948ல எழுதின பயிற்சி தான் இன்னிக்கும் முதல் சிகிச்சை. வாயு வெளிய வராம அடக்குற மாதிரி இடுப்புத் தளத்துச் சதையை உள்ள, மேல இழுங்க, வயிறும் தொடையும் இறுகக் கூடாது, சில செகண்ட் பிடிச்சு அதே அளவு நேரம் விடுங்க. எட்டு தடவை, நாளைக்கு மூணு வேளை, மூணு மாசம். ரெண்டே வாரத்துல பலன் இல்லன்னு விட்டுடறவங்க தான் ஜாஸ்தி. சரியான சதையைத் தான் இழுக்கறீங்களான்னு ஒரு தடவை பிசியோதெரபிஸ்ட்கிட்ட காட்டிக்கிட்டா நல்லது. எரிச்சல், ரத்தம் இருந்தா மட்டும் காத்திருக்காம டாக்டர்கிட்ட போங்க. கசியுதுன்னு தண்ணியைக் குறைக்காதீங்க, சிறுநீர் கெட்டியாகி பையை இன்னும் எரிச்சல் பண்ணும்.

கேள்வி: வயசானவங்களுக்கு தடுப்பூசி எதுக்கு?

பதில்: எதிர்ப்பு சக்தியும் கூடவே வயசாகுதே, அதுக்கு தான். வருஷா வருஷம் ஃப்ளூ, நிமோனியாவுக்கு நிமோகாக்கஸ் ஊசி, 50க்கு மேல அக்கிக்கு ரெண்டு டோஸ், பத்து வருஷத்துக்கு ஒரு தடவை டெட்டனஸ். எது எப்போன்னு உங்க டாக்டர் சொல்லுவார். அக்கி போனப்புறமும் மாசக்கணக்குல இருக்கிற அந்த நரம்பு வலியைப் பாத்தவங்க யாரும் இந்தக் கேள்வியைக் கேக்க மாட்டாங்க.

கேள்வி: 74 வயசு. மூணு டாக்டர்கிட்ட பாக்கறேன், மொத்தம் பதினோரு மாத்திரை. எதையாவது நிறுத்த முடியுமான்னு கேக்க தயக்கமா இருக்கு. கேக்கலாமா?

பதில்: தாராளமா கேளுங்க. ஒருத்தர் குடுத்த மாத்திரையோட பக்கவிளைவுக்கு இன்னொருத்தர் மாத்திரை குடுக்கிறது ரொம்ப சாதாரணமா நடக்குது, பிரஷர் மாத்திரையால கால் வீங்கும், வீக்கத்துக்கு நீர் மாத்திரை வரும், அதனால ராத்திரி நாலு தடவை எந்திரிக்கணும். மூணு டாக்டர்ல ஒருத்தரை மொத்தப் பொறுப்புக்கு வெச்சுக்கோங்க. நீங்களா எதையும் நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு மாத்திரையையும் காட்டி இது எதுக்கு, இன்னும் வேணுமா, என் வயசுக்கு இந்த அளவு சரியான்னு கேளுங்க, சுகர் மாத்திரைக்கு இது ரொம்ப முக்கியம், எழுபதுக்கு மேல சுகர் கொஞ்சம் கூட இருக்கிறதை விட திடீர்னு எறங்கிடறது தான் ஆபத்து. மூட்டு வலிக்கு நீங்களா வாங்கிப் போடற வலி மாத்திரையையும் மறைக்காம சொல்லுங்க, கிட்னியையும் பிரஷரையும் கெடுக்கிறதுல அது முன்னாடி நிக்கும். பேப்பர்ல எழுதிட்டுப் போனா பாதி விட்டுப்போகும், சத்து மாத்திரை, கண் சொட்டு மருந்து, தைலம் வரைக்கும் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு அப்படியே டாக்டர் மேஜை மேல கொட்டுங்க.